சாவு வீட்டுப் பென்டிரைவ்

என் கடைக்குள் செருப்போடு வரலாம், மீன் கூடையோடு வரலாம், துப்பாமல் இருந்தால் வாய் நிறைய வெற்றிலையோடும் வரலாம். பென்டிரைவை நீட்டிக்கொண்டு மட்டும் நேரே உள்ளே வரக் கூடாது. அதற்கென்று வாசலிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே சொருகி, சோதித்து, அழுக்கெல்லாம் போன பிறகுதான் உள்ளே இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு அனுமதி. இதற்காக நான் ஏசாத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. போலீஸ்காரரை ஏசியிருக்கிறேன். பூசை நேரப் பட்டியல் அச்சடிக்க வந்த மாதா கோயில் சாமியாரிடம் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "சாமி, நீங்களும் அங்கனதான்" என்று வாசலைக் காட்டினேன். அவரும் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வருகிற ரோடு, கோயில் தெருவுக்குத் திரும்பும் முக்கில் கடை. இங்கே கோயில் என்றால் மாதா கோயில்தான். தெருவில் முக்கால்வாசிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மிச்சப் பேர் கப்பலில் வேலை பார்க்கிறவர்கள். நாங்கள் ஆறுமுகநேரிக்கும் உள்ளே தள்ளி, பனங்காட்டு ஊர்க்காரர்கள். கல்யாணமாகி வந்த வருஷம் ஒரு ஜெராக்ஸ் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. கப்பல்காரனுக்குச் சர்டிபிகேட், மீன்பிடிப் போட்டுக்கு லைசென்ஸ் விண்ணப்பம், பிள்ளை முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு அழைப்பிதழ், கல்யாண பேனர், கடைசியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஒரு மனுஷனுக்கு வேண்டியது எல்லாம் என் கடையில் அச்சாகும்.

என் கோபம் சும்மா வந்த கோபம் இல்லை. இந்தக் கடற்கரையில் ஒரு பென்டிரைவ் ஒரு இடத்தில் கிடக்காது. பாட்டு ஏற்றின பென்டிரைவ் தருவைகுளத்துப் போட்டு ஒன்றில் ஏறும், அங்கிருந்து மாறி இங்கே இறங்கும், ஒரு வாரம் ஆட்டோவில் ஓடும், சடங்கு வீட்டு ஸ்பீக்கரில் பாடும், பிறகு அதே பென்டிரைவில் ஒருத்தன் ஆதார் கார்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வருவான். போகிற இடத்தில் எல்லாம் அது என்னத்தைத் தொட்டதோ, எவனுக்குத் தெரியும்?

அப்படித் தொற்றிக்கொண்டு வருவதில் ஒரு வகை வைரஸ் இருக்கிறது. நம் ஃபோல்டரைத் தூக்கி எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை அங்கே நிறுத்திவிடும். பார்த்தால் நம்முடையது மாதிரியே இருக்கும். மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி மட்டும் கூடுதலாகத் தெரியும். அது தெரியாமல் திறந்தால், திறந்த கம்ப்யூட்டருக்குள்ளும் புகுந்துவிடும். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் யார் எதைச் சொருகினாலும் அதற்கும் அதே கதிதான். ஒரு வருஷம், கப்பல் கம்பெனி இன்டர்வியூவுக்கு மறுநாள் மும்பைக்கு ரயிலேற இருந்த ஒருத்தனின் சர்டிபிகேட் அத்தனையும் என் கடையில் வைத்து இப்படிப் போனது. அவ்வளவு பெரிய ஆள் என் வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதான். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற என் நாத்தனார் அதைக் கேட்டுவிட்டு, தன் வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். விண்டோஸை நம்பி வாழ்கிற வைரஸ் அதில் ஏறினாலும் அசையாது, ஒளித்து வைத்ததெல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும். அன்றைக்கு வந்ததுதான் இந்தச் சட்டம்.

ஒரே ஒரு பென்டிரைவுக்கு மட்டும் நான் அந்தச் சட்டத்தை வைத்துக்கொள்ளவில்லை. சாவு வீட்டுப் பென்டிரைவ்.

இங்கே ஒரு வீட்டில் சாவு என்றால், அந்தத் தெருப் போட்டுகள் அன்றைக்குக் கடலுக்குப் போகாது. வாட்ஸ்அப்பில் செய்தி ஓடினாலும், துறைமுகத்துச் சுவரில் போஸ்டர் ஏறினால்தான் அது ஊருக்குச் சொன்ன கணக்கு. அதனால் அழுகை அடங்குமுன்பே வீட்டிலிருந்து ஒருத்தர் போட்டோவோடு என் கடைக்கு ஓடி வருவார். போனில் வந்த போட்டோவைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப் போகும், ஆகவே ஏதாவது ஸ்டுடியோவில் கெஞ்சி, கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்துப் பென்டிரைவில் கொண்டு வருவார்கள். கண் வீங்கி, சட்டைப் பட்டன் மாறிப் போட்டு நிற்கிற ஆளிடம் "மொதல்ல அங்கன போயி சோதிச்சிட்டு வா" என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு வாய் நீளம்தான், ஆனால் அவ்வளவு நீளம் இல்லை. கையை நீட்டி வாங்குவேன், நேரே பெரிய கம்ப்யூட்டரில் சொருகுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆனதில்லை.

தெருக் கடைசியில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். சங்கு குளிக்கிறவர்கள். குளிப்பது என்றால் இங்கே கடலில் முங்கி அடியில் கிடக்கிற சங்கை எடுப்பது. போட்டில் ஒரு காற்று மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், நீளமான டியூப் வழியாக அடியில் இருக்கிறவன் வாய்க்குக் காற்று போகும். ஒரு நாள் தம்பியைக் கரையில் விட்டுவிட்டு, டியூப் பிடிக்கக் கூலிக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போன அண்ணன், மேலே வந்து போட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, "காலு மரத்துட்டு" என்றாராம். ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு வெரசாக மேலே வந்தால் உடம்பு அப்படித்தான் தண்டனை கொடுக்கும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

தம்பிதான் போட்டோவோடு வந்தான். நாற்பது வயது ஆள், தேக்குக் கட்டை மாதிரி உடம்பு, பென்டிரைவை இரண்டு கையாலும் நீட்டினான். "அக்கா, சிரிச்ச மாதிரி உள்ளத போடுங்க. அண்ணன் எப்பவும் சிரிச்ச மொகம்" என்றான். வாங்கிச் சொருகினேன். சொருகியதும் ஆன்டிவைரஸ் மூலையில் நின்று கத்த ஆரம்பித்தது. அது கத்தினால் கம்ப்யூட்டர் நகராது, போஸ்டர் டிசைன் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முகம் திரையில் வருவதற்காகக் காத்து நின்றான். "சவத்த, இந்த நேரத்துலயா" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை 'இப்போதைக்கு நிறுத்து' என்று அழுத்தினேன். எப்போது வரைக்கும் என்று அது கேட்டது, நான் பார்க்காமலேயே ஏதோ ஒன்றை அமுக்கினேன். போஸ்டர் அச்சானது. அவன் ஈரம் காயாத தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான், சட்டையெல்லாம் மை. ஆன்டிவைரஸைத் திரும்பப் போட வேண்டும் என்ற நினைப்பே எனக்கு அப்புறம் வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின வாரம் அவன் திரும்ப வந்தான். சட்டைப் பையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த ஒரு ஜிபிஎஸ் மெஷினை எடுத்து மேசையில் வைத்தான். பழையது, கைக்கு அடக்கமானது, திரையில் பாதி கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் அதே மாதிரி புதுசு ஒன்றை வைத்தான்.

"அக்கா, அண்ணன் மெசின்ல உள்ளத அப்படியே இந்தப் புதுசுல ஏத்தணும். ஆனா நீங்க பாக்கக் கூடாது. ஏத்தி முடிச்சதும் ஒங்க கம்ப்யூட்டர்ல ஒரு பொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

"ஏலே, நீங்க சங்கு எடுக்கிற பாறை எனக்கு எதுக்கு? ஜெராக்ஸ் மெசினத் தூக்கிட்டு நானும் வந்து முங்கப் போறேனா?"

சிரித்தான். அண்ணன் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தத் தொழிலில் இடம்தான் சொத்து. கடலடியில் பாறை பாறையாகப் பார்கள் கிடக்கின்றன. முத்து எடுத்த காலத்திலிருந்து பெயர் வைத்த பார்கள் ஊருக்கே தெரியும். ஆனால் எந்தப் பாரின் எந்த ஓரத்து மணலில் சங்கு கிடக்கிறது என்பது அவரவர் வீட்டு ரகசியம். அண்ணன் அதை எல்லாம் பாயிண்ட் பாயிண்டாக இந்த மெஷினில் போட்டு வைத்திருந்தார். ஒரு நோட்டில் எழுதவில்லை, இன்னொரு மெஷினில் ஏற்றவில்லை. எழுதினால் ஒருத்தன் பார்ப்பான், ஏற்றினால் ஒருத்தன் எடுப்பான், குளிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம்தான். கூடவே முங்குகிற தம்பி கையில்கூட அவர் அதைக் கொடுத்ததில்லை. தம்பிக்கு முங்கத் தெரியும், எங்கே முங்குவது என்று தெரியாது. போட்டை அண்ணன் நிறுத்தின இடத்தில் இவன் குதிப்பான், அவ்வளவுதான். இப்போது அண்ணன் வீட்டில் மதினியும் இரண்டு பெண் பிள்ளைகளும், இவன் வீட்டில் நாலு பேர், எல்லாருக்கும் சோறு அந்தக் கறுத்த மெஷினுக்குள் இருந்தது. இவையெல்லாம் அவனே சொன்னது, வயரை நான் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது.

ஜிபிஎஸ் மெஷினும் கம்ப்யூட்டரில் சொருகினால் ஒரு பென்டிரைவ்தான். வாசலுக்குப் போகச் சொல்லியிருக்க வேண்டும். சட்டையில் கறுப்புத் துணியைப் பார்த்தேன், சொல்லவில்லை. துக்கம் கழியாத வீடு என்று பெரிய கம்ப்யூட்டரிலேயே சொருகினேன்.

ஃபோல்டர் வந்தது. மூலையில் அம்புக்குறி இருந்தது.

எத்தனையோ பேருக்கு நானே விரலை வைத்துக் காட்டி, "இத பாத்தியா, இது வந்தா போச்சு" என்று பாடம் எடுத்த அதே அம்புக்குறி. சட்டென்று வயரைப் பிடுங்கினேன். அவன் ஒன்றும் புரியாமல் மெஷினை எடுத்து ஆன் பண்ணினான். தெரிகிற பாதித் திரையில் பாயிண்ட் ஒன்றும் இல்லை என்று வந்தது.

"அக்கா, எங்க போச்சு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைத்தான் ஏசினேன். பழக்க தோஷம். "ஏலே, இத எங்கன கொண்டு போயி சொருகுன? எவன் கம்ப்யூட்டர்ல போட்ட? எத்தன தடவ சொல்லிருக்கேன்!"

"எங்கயும் சொருகலக்கா. அண்ணன் இடுப்புல கெடந்தது. ஆசுபத்திரியில கழத்திக் குடுத்தாவ. அதுக்கப்புறம் மாதா படத்துக்குப் பின்னாலதான் இருந்தது. காலையில பாத்தேன், எல்லாம் இருந்துச்சு." சொல்லிக்கொண்டே மெஷினை அணைத்து அணைத்துப் போட்டான். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்றே வந்தது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் என் புத்தி என் பக்கம் திரும்பியது. விற்பதற்கு வைத்திருந்த புதுப் பென்டிரைவ் ஒன்றைப் பாக்கெட்டைக் கிழித்து எடுத்து, வாசல் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் போட்டு, பெரிய கம்ப்யூட்டரில் சொருகினேன். அம்புக்குறி வந்துவிட்டது. ஆக, சீக்காளி வந்தவன் இல்லை, என் கம்ப்யூட்டர்தான். உள்ளே துழாவி, அந்தச் சனியன் எப்போது குடியேறியது என்று தேதியைப் பார்த்தேன். போஸ்டர் அடித்த அதே நாள், அதே மணி. அவன் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் போட்டோவோடு அதுவும் வந்திருக்கிறது. ஆன்டிவைரஸ் அன்றைக்கு நான் நிறுத்தினபடியே வாயை மூடிக்கொண்டு கிடந்தது. வாசலில் சோதித்து வந்தது சுத்தம்தானே என்று, இடையில் வந்த எதன் மூலையையும் நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் வெளியிலிருந்து வருவதை மட்டும்தான் நான் சந்தேகப்பட்டேன். என்னிடமிருந்து என்ன போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். "மெசின் பழசு, போயிட்டு" என்றால் அவன் நம்பியிருப்பான். அந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அது முடியவில்லை.

"தம்பி, தப்பு என்னோடது. அன்னைக்கு நீ கொண்டு வந்த பென்டிரைவுல வைரஸ் இருந்திருக்கு. நான் சோதிக்காம சொருகிட்டேன். அது என் கம்ப்யூட்டர்ல உக்காந்து, இப்ப அண்ணன் மெசின்ல ஏறிட்டு."

அவன் மெஷினை மேசையில் வைத்தான். பிறகு சொன்னான்: "போட்டோ வேணும்னு அன்னைக்கு நாலஞ்சு எடத்துல சொருகுனேன்க்கா. எங்க சொருகுனேன்னே நெனப்பு இல்ல. செத்த வீட்டு ஆளப் போயி நீங்க வாசல்ல நிறுத்துவியளா? நானா இருந்தாலும் நிறுத்த மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏசுகிறவளுக்கு ஏச்சு வாங்கத் தெரியும், இதை வாங்கத் தெரியாது.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். வகுப்பில் இருந்தவள் வெளியே வந்து பேசினாள். "பதறாதிய. அழிச்சிருக்காது, ஒளிச்சுதான் வச்சிருக்கும். அந்த மெசின்ல புதுசா ஒண்ணும் எழுதாதிய. பார்மட் பண்ணவான்னு கேட்டா மாட்டேன்னு சொல்லுங்க. வாசல்ல உள்ளதுல சொருகிப் பாருங்க" என்றாள்.

ஜிபிஎஸ்ஸை வாசலுக்குக் கொண்டு போனோம். ஆரம்பத்திலேயே போயிருக்க வேண்டிய இடம். அவன் என் பின்னால் நின்றான், அவன் மூச்சு என் தலையில் பட்டது. பழைய கம்ப்யூட்டர் பைய முனகி, திறந்து காட்டியது. போலி ஃபோல்டர் ஒன்று. அதன் கீழே பெயரே இல்லாமல் இன்னொன்று. அதற்குள் போனால் அண்ணனின் ஃபைல் எல்லாம் இருந்தது.

"இருக்குலே!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிரே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஆனால் ஃபைல் இருந்தால் மட்டும் போதாது. பாதி தின்றுவிட்டு மிச்சத்தை வைத்திருந்தால்? கடலுக்குள் போன பிறகு தெரிந்து என்ன செய்வது? "தம்பி, இதத் தொறந்து ஒவ்வொரு வரியா பாத்தாத்தான் முழுசா இருக்கான்னு சொல்ல முடியும். பாக்கக் கூடாதுன்னு சொன்ன. என்ன செய்ய?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் திறந்து காட்டாத ஒன்று அது. "பாருங்கக்கா" என்றான்.

நூற்றுக்கும் மேலே வரிகள். ஒவ்வொன்றிலும் இடத்தின் எண், பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அண்ணன் வைத்த பெயர், அதற்கும் பக்கத்தில் ஆழம். ஆழம் பாகக் கணக்கில் இருந்தது. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அது ஒரு பாகம். நான் வாய்விட்டு வாசித்தேன், அவன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். 'மணல் ஓரம்', எட்டு பாகம். 'பெரிய சங்கு', ஒன்பது. 'பாறை கை கிழிக்கும்', ஏழு. அந்த இடத்தில் அவன் தன் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டான். 'மதினி வளையல்' என்று ஒன்று. "அங்கன கெடைச்சதுலதான் மதினிக்கு வளையல் எடுத்தாவ" என்றான்.

அடுத்த வரியை வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

"என்னக்கா?"

"'தம்பி வேண்டாம்'னு போட்டிருக்கு."

"என்னது?"

"தம்பி வேண்டாம். பதினஞ்சு பாகம். அடுத்ததும் அதேதான். தம்பி வேண்டாம், ரெண்டு. பதினாறு பாகம். தம்பி வேண்டாம், மூணு."

அவன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு ஆள் ஜெராக்ஸ் கேட்டு வந்தார், அப்புறம் வாங்க என்று கையைக் காட்டி அனுப்பினேன்.

"சில நாளு என்னையக் கரையில விட்டுட்டுப் போயிருவாவ" என்று ஆரம்பித்தான். "'இன்னைக்கு ஒனக்கு வேல இல்ல, வீட்டுல கெட'ம்பாவ. வந்தா பை நெறஞ்சிருக்கும். நல்ல எடத்த எனக்கு மறைக்காவன்னு நெனச்சேன்க்கா. கூடப் பொறந்தவன்ட்டயே மறைக்கான் பாரு, இவன் என்ன அண்ணன்னு என் வீட்டுக்காரிட்ட சொன்னேன். ரெண்டு வருசமா மொகம் குடுத்துப் பேசல. கடைசியா போன அன்னைக்கும் பேசல. அவிய பாட்டுக்குப் போட்டத் தள்ளுனாவ, நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

பை நிறைந்து வந்த நாளில் எல்லாம் இரண்டு வீட்டுக்கும் சரி பாதியாகத்தான் பிரித்தாராம். அதையும் அவனே சொன்னான். சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். காலை மரக்க வைக்கிற அந்த ஆழத்தை மட்டும்தான் அண்ணன் பங்கு வைக்கவில்லை. எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன்.

அழுது முடித்து ஆறின டீயைக் குடித்த பிறகு, "மத்த எல்லாத்தையும் புதுசுல ஏத்துங்க. அந்த மூணையும் ஏத்தாதீங்க" என்றான்.

"அழிச்சிரட்டுமா?"

"அழிக்காண்டாம். அண்ணன் எழுதுனது." டீ கிளாஸைக் கீழே வைத்தான். "ஒங்ககிட்ட இருக்கட்டும். எங்கையில இருந்தா ஒரு நாளு போவேன்க்கா, எனக்கே தெரியும். பிள்ளைகளுக்கு ஒண்ணு வேணும்னா போகத் தோணும். ஒங்ககிட்ட இருந்தா வந்து கேக்கணும்லா. நான் கேட்டா நீங்க குடுக்காதீங்க. நீங்கதான் யாரையும் உள்ள விடாத ஆளு."

அந்த மூன்றையும் தனிப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய மெஷினைத் துடைத்துக் கொடுத்தேன். ஒரு பொட்டு மிச்சம் வைக்கக் கூடாது என்று வந்தவன், மூன்று வரியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

அன்றைக்கே பெரிய கம்ப்யூட்டரை நாத்தனார் வந்து துடைத்துக் கழுவிப் புதுசாக்கினாள். ஆனால் அந்த இருபத்துச் சொச்சம் நாளில் என் கடையில் பென்டிரைவ் சொருகினவர்கள் ஊர் பூராவும் இருந்தார்களே! ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டேன். போன் எடுக்காதவர்கள் வீட்டுக்கு நடந்தே போனேன். "என் கடையிலேர்ந்து ஒங்களுக்கு வைரஸ் வந்திருக்கும், கொண்டாங்க, சுத்தம் பண்ணித் தாரேன்" என்று வாசல் வாசலாகச் சொன்னேன். தெருவுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறு இல்லை. நான் ஏசின அத்தனை பேரும் எண்ணி வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "ஏளா, ஜெராக்ஸ் கடைக்காரிக்கே வைரஸாம்ல" என்று குழாயடியில் பேச்சு. போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே வந்து, "நீங்களும் அங்கனதான் போகணும்" என்று எனக்கே வாசலைக் காட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாவு வீட்டுப் பென்டிரைவ் இப்போதும் வருகிறது. அந்த ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு சோடாவைக் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிப்பதற்குள் வாசல் கம்ப்யூட்டரில் நானே சோதித்து முடித்துவிடுகிறேன்.

தம்பி புது மெஷினோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். எட்டு பாகம், ஒன்பது பாகம். இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது. இந்த வருஷம் கடல் தெளியவில்லை. காற்று மாறி மாறி அடித்து அடி கலங்கியே கிடந்தது, முங்கினால் தன் கையே தெரியவில்லை என்றார்கள். கரையோரத்துப் பார்களில் சங்கு கிடைப்பதும் குறைந்துபோனது. அண்ணன் மூத்த மகளுக்குக் காலேஜ் சேர வேண்டிய நேரம்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவன் கடைக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசல் கம்ப்யூட்டரிலேயே ஒரு பென்டிரைவைச் சொருகிவிட்டு, அதன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தான். நான் பார்க்காத மாதிரி பிரிண்டரில் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் எதற்கு வந்தான் என்று அவன் உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது.

"அக்கா, அந்த மூணு..." என்றான்.

அன்றைக்கு அவன் என்னிடம் சொல்லிப் போனதை எடுத்துச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். சொன்னால் அவன் அண்ணன் மகளைப் பற்றிச் சொல்வான். பேசப் பேச நான் இளகிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

"இல்ல தம்பி. வைரஸ் தின்னுட்டு" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஒங்க கடையிலயா?"

"ஆமா, என் கடையிலதான். எனக்கு வந்ததில்லையா என்ன? தெருவுக்கே தெரியுமே."

சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டான். "அப்ப சரிக்கா. நாளைக்கு மணல் ஓரத்துக்கே போறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

வண்டி முக்குத் திரும்பின பிறகு டிராயரைத் திறந்து, நாத்தனார் பூட்டு எண் போட்டுத் தந்த பென்டிரைவை எடுத்து வாசல் கம்ப்யூட்டரில் சொருகினேன். தம்பி வேண்டாம் ஒன்று, இரண்டு, மூன்று. எழுத்துக் குறையாமல் இருந்தது. இரண்டு தடவை சாவி விழுந்து மூன்றாம் தடவைதான் டிராயரைப் பூட்ட முடிந்தது. அவன் மறுபடியும் வந்து கேட்டால் மறுபடியும் இதே பொய்யைத்தான் சொல்வேன்.